ஏ.ஏ.சி. கல் வைத்தால் வீடு குளிருமா?

கேள்வி (பெரம்பலூர்ப் பக்கத்து வாசகர், 9 மார்ச் 2024)

பெரம்பலூருக்கு அருகே 1,200 சதுர அடியில் ஒற்றைத் தள வீடு கட்டத் தொடங்கப்போகிறேன். செங்கல்லுக்குப் பதிலாக ஏ.ஏ.சி. கல் (எடை குறைந்த, குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) வைத்தால் வீடு குளிர்ச்சியாக இருக்கும், ஏ.சி.யே தேவைப்படாது, அதுதான் பசுமைக் கட்டடம் என்று எங்கள் பொறியாளர் உறுதியாகச் சொல்கிறார். கல்லுக்கு ஆகும் கூடுதல் செலவு தகுமா? சாம்பல் கல், மண் கல் என்று வேறு பெயர்களும் காதில் விழுகின்றன. எதை வைத்தால் நல்லது?

பதில் (9 மார்ச் 2024, இரவு; பின்னர் அவ்வப்போது சேர்த்தவை கீழே)

நீங்கள் சுவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். வெயிலோ கூரை வழியாக இறங்குகிறது. ஒற்றைத் தள வீட்டில் எந்தக் கல் என்ற கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வர வேண்டும். திருச்சியில் ஓர் ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வீட்டு வரைபடம் வரைகிறேன். இந்தக் காலத்தில் என்னிடம் கல்லைப் பற்றி விசாரித்தவர்களை எண்ணி முடியாது. மொட்டை மாடிக்கு என்ன நிறம் என்று கேட்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். விவரமாக நாளை எழுதுகிறேன்.

10 மார்ச் 2024

நேற்றுச் சொன்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு சுவரோ கூரையோ எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்ல யூ மதிப்பு என்று ஓர் எண் உண்டு. வெளியே உள்ளேவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக எத்தனை வாட் வெப்பம் புகும் என்பதே அதன் பொருள். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அது ஏறத்தாழ 2. எட்டு அங்குல ஏ.ஏ.சி. சுவருக்கு 0.7 அல்லது 0.8. இதில் உங்கள் பொறியாளர் சொல்வது சரிதான், ஏ.ஏ.சி. கல்லுக்குள் நிறையக் காற்றுக் குமிழ்கள் இருப்பதால் அது வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் மேலே எதுவும் போடாத ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு இந்த மதிப்பு 3க்கும் மேல். மத்திய அரசு 2018இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற நெறிமுறை, கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊரின் பெரும்பாலான வீடுகள் அதைத் தொட்டதே இல்லை.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை 13 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் சாம்பல் நிறத் தளத்தின் மேற்பரப்பு 65 டிகிரியை ஒட்டி நிற்கும். உள்ளே 30 என்றால் வேறுபாடு 35. யூ மதிப்பை 3.3 என்று வைத்து மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 1,500 வாட் வருகிறது. அதாவது ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர் ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு அடியில் மின்விசிறி போட்டுப் படுத்திருக்கிறோம். அதே தளத்தின் மேல் வெள்ளை அடித்தால் மேற்பரப்பு 47 அளவில் நிற்கும், உள்ளே வருவது ஏறத்தாழ பாதியாகும். மிச்சம் 700 வாட்டுக்கு மேல். அந்த அறையின் மேற்குச் சுவரைச் செங்கல்லிலிருந்து ஏ.ஏ.சி.க்கு மாற்றினால் மிச்சமாவது 300 வாட் அளவுதான். ஒரு பீப்பாய்ச் சுண்ணாம்பின் விலையையும் வீடு முழுவதற்குமான கல்லின் விலை வேறுபாட்டையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

10 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

‘பீப்பாய்’ என்று எழுதியதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். வீட்டில் நான் கரைப்பது பழைய பெயின்ட் பக்கெட்டில்தான்.

17 மார்ச் 2024

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டேன்: சன்னல். மேற்குப் பார்த்த நாலுக்கு நாலு அடிக் கண்ணாடிச் சன்னலில் மாலை நான்கு மணி வெயில் நேராக விழுந்தால், அது ஒன்றே 700 வாட் அளவு வெப்பத்தை உள்ளே தள்ளும். கல்லை மாற்றி மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஒரு சன்னலில் போய்விடும். எனவே, மேற்கில் சன்னல் வேண்டுமென்றால் அதற்கு வெளிப்பக்கம் மறைப்பு இருந்தாக வேண்டும்.

உள்ளே திரை போட்டால் போதாதா என்று இந்தப் பதிலைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். போதாது. வெயில் கண்ணாடியைத் தாண்டித் திரையில் பட்ட பிறகு அந்த வெப்பம் அறைக்குள்தான் இருக்கிறது. திரை சூடாகி அறையைச் சூடாக்கும். சன்ஷேடு இருக்கிறதே என்றும் கேட்பார்கள். நம் இரண்டடிச் சன்ஷேடு மழைக்கும் உச்சி வெயிலுக்கும் உதவும். சாய்ந்து வரும் மேற்கு வெயில் அதன் அடியில் குனிந்து உள்ளே வந்துவிடும். மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளியே தொங்கவிட்ட பழைய வீடுகளில் இதைப் புரிந்துதான் தொங்கவிட்டார்கள். உலர்ந்த மேல்காற்று அடிக்கும் பெரம்பலூரில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துவிட்டால் உள்ளே வரும் காற்றும் குளிரும். சென்னையில் அதே தட்டியை நனைத்தால் புழுக்கம்தான் கூடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவதற்கு இடமில்லை.

18 மார்ச் 2024

அடுக்ககத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்; நியாயமான கோபம். நான் எழுதியது கூரை வானத்தைப் பார்க்கும் வீடுகளுக்கு. ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் தளத்தில் இருப்பவரின் கூரை இன்னொருவரின் தரை. அவருக்குச் சுவரும் சன்னலும்தான் எல்லாம். அவருக்கு ஏ.ஏ.சி. கல் உண்மையாகவே உதவும், கட்டடத்தின் எடையும் குறையும். கேட்டவர் ஒற்றைத் தளம் என்றதால் அந்தத் திசையிலேயே போய்விட்டேன்.

31 மார்ச் 2024

நடுவில் ஒரு நாள் பெரம்பலூர்க்காரர் தனியாகக் கேட்டபோது அழுத்த மண் கல்லை வைக்கலாமென்று இவருக்குப் பரிந்துரைத்திருந்தேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஆரோவில்லில் பல கட்டடங்கள் அந்தக் கல்லால் கட்டப்பட்டவை. மண்ணோடு ஐந்து விழுக்காடு அளவு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், நீர் தெளித்து ஆற வைத்து எடுப்பார்கள். விறகும் நிலக்கரியும் எரியாத கல் என்பதால் அதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அதற்கு மணல் கலந்த செம்மண் வேண்டும். இவர் மனையில் தோண்டிய குழியின் படத்தை அனுப்பினார், கரிசல். கோடையில் கை நுழையும் அளவு வெடித்து, மழையில் உப்பும் மண்ணை வைத்துக் கல் செய்தால் சுவரும் அப்படியே வெடிக்கும். செம்மண்ணை முப்பது கிலோமீட்டர் தாண்டி லாரியில் கொண்டுவந்து மண் கல் செய்வது, பசுமைக்காக டீசலை எரிப்பதாகிவிடும்.

இதற்கு மேல் கல்லைப் பற்றி என் கருத்து எளிமையானது: சாம்பல் கல் பக்கத்தில் கிடைத்தால் அதை வையுங்கள். அனல் மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பலிலிருந்து வருவது, சூளையில் சுடாதது. ஆனால் அது வீட்டைக் குளிர வைக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வெப்பத்தைக் கடத்துவதில் செங்கல்லுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கல்லைத் தேர்ந்தெடுப்பது கட்டும்போது ஆகும் கரிக்கணக்கு, அதாவது எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கணக்கு. குளிர்ச்சி என்பது அடுத்த நாற்பது ஆண்டு மின்கணக்கு. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருகிறார்கள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு விடுமுறை. மார்ச் 10 கணக்கை மறுபடி படித்தேன். தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் நேரத்தை விட்டுவிட்ட கணக்கு. கான்கிரீட்டும் செங்கல்லும் வாங்கிய வெப்பத்தை உடனே கொடுத்துவிடாது, வைத்திருந்து கொடுக்கும். பகல் இரண்டு மணிக்கு மேற்பரப்பில் ஏறிய சூடு, தளத்தின் கனத்தைப் பொறுத்து, மாலை ஆறிலிருந்து இரவு பத்துக்குள் கீழே வந்து சேர்கிறது. அதாவது நாம் படுக்கப்போகும் நேரத்தில்.

2019 கோடையில் இதை என் வீட்டு மாடியிலேயே பார்த்தேன். கடன் வாங்கிய இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று கையில் இருந்தது. மாடியில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தேன், மறு பாதியை அப்படியே விட்டேன். இரவு எட்டு மணிக்கு, வெளியே காற்று ஓரளவு தணிந்த பிறகு, சாம்பல் பகுதிக்குக் கீழுள்ள அறையில் படுத்துக்கொண்டு கருவியை மேலே கூரையை நோக்கிப் பிடித்தால் 39 காட்டியது. அடுத்த அறையில் 35. இரண்டு அறையிலும் காற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் முதல் அறையில் முகத்தின் மேல் அடுப்பு வாய் திறந்திருப்பது போன்ற ஓர் உணர்வு இருக்கும். அம்மா அதற்குக் கருவியெல்லாம் கேட்கவில்லை. நான் இரண்டு பாதியையும் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. கனத்த சுவர் நல்லது, பழைய வீடு குளிரும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது பகலில் உட்காரும் கூடத்துக்குப் பொருந்தும். இரவில் சன்னல்களைத் திறந்து வைத்துச் சூட்டை வெளியேற்றும் வீட்டுக்குப் பொருந்தும். இரவில் கதவு சன்னலை அடைத்து ஏ.சி. போடும் படுக்கையறையில், அந்தக் கனத்த சுவர் பகலெல்லாம் சேர்த்த சூட்டை ஏ.சி.யின் தலையில் கட்டும். முற்றம் வைத்த வீட்டில் வெப்பம் மேலே போக வழி இருந்தது. முற்றத்தை மூடிக் கிரில் போட்டுக் கண்ணாடி வைத்துவிட்டுப் பாட்டன் வீடு போல இல்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

21 ஏப்ரல் 2024

பெரம்பலூர் அட்சரேகையில் ஏப்ரல் 19ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு மேல் நிற்கும். இந்த நாட்களில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இல்லாதது போலிருக்கும். வெளியே போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் 23ஐ ஒட்டி இன்னொரு முறை இது நடக்கும். இடைப்பட்ட நான்கு மாதங்களிலும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. எங்கோ வட நாட்டிலிருந்து வந்த புத்தகங்களைப் பார்த்துத் தெற்கே மட்டும் நிழல் வைத்து வரைகிற பழக்கம் எங்கள் அலுவலகத்திலும் இருந்தது. வடக்குச் சுவருக்கும் கோடையில் வெயில் உண்டு. கூரைதான் முதல் எதிரி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணமும் இந்த உச்சிச் சூரியன்தான்.

28 ஏப்ரல் 2024

கரூர் பரமத்தியில் 42 டிகிரியைத் தாண்டிய வாரம். நாளிதழைப் பிரித்தால் வெப்ப அலை. எழுதுவதற்குக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

5 மே 2024

ஏ.சி.யைப் பற்றி எழுதாமலிருந்தால் வேடதாரி என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது; வெள்ளையடித்த பாதியின் கீழ். 120 சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள், ஒரு டன்னே வாங்கினேன், கூரை குளிர்ந்திருப்பதால் அது போதுமானதாக இருக்கிறது. வெயிலில் கொதிக்கும் கூரைக்கு அடியில் அதே ஒரு டன் திணறியிருக்கும். கூரையில் செலவழித்தால் ஏ.சி.யின் அளவு குறைகிறது, மின்சாரமும் குறைகிறது. கடைக்காரர் இந்த வரிசையில் யோசிக்க மாட்டார், அவருக்கு அது வேலையும் இல்லை.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாராகி வர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. நாங்கள் 27இல் வைத்து, மெதுவாக மின்விசிறியும் போடுகிறோம். பழைய மின்விசிறி 75 வாட் தின்றது, புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவு போதும். இரண்டு மாத அளவீடு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறிவிடுவதால், கோடையில் இந்தச் சிறு மிச்சங்களுக்கு நம் ஊரில் தனி மதிப்பு.

ஏ.சி.யில் மின்சாரத்துக்கு அப்பாலும் ஒரு சங்கதி இருக்கிறது: அதற்குள் இருக்கும் வாயு. பழைய ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஓசோனையும் அரிக்கும். இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32க்கு அது 675. புரொப்பேனான ஆர்-290க்கு மிகச் சொற்பம், ஆனால் எரியக் கூடியது. நான் வீடு மாறியபோது பழைய பெட்டியைக் கழற்ற வந்த இளைஞர், வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்காமல் குழாயைத் திருகி ‘புஸ்’ என்று விட்டுவிட்டார். சத்தம் அடங்கும் வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அங்க போய் புதுசா அடிச்சிக்கலாம் சார்’ என்றார். ஓராண்டு முழுக்க விளக்கை அணைத்து அணைத்து நான் சேர்த்த புண்ணியம் அந்த அரை நிமிடத்தில் போயிற்று. உங்கள் பெட்டியைக் கழற்றும்போது வாயுவை உள்ளிழுத்து அடைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

19 மே 2024

கத்திரிக்குள்ளேயே மழை வந்துவிட்டது. மூளை வேலை செய்கிறது. வெப்பத் தடுப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: தளத்தின் மேல் ஓர் அங்குல நுரைப்பலகை வைத்து, அதன் மேல் கலவையும் தட்டோடும் பதித்தால், 3க்கு மேல் இருந்த யூ மதிப்பு 1க்கு அருகே வந்துவிடும்; அதாவது நெறிமுறையின் 1.2க்குள். பலகையைத் தளத்துக்குக் கீழே, பொய்க்கூரையாக வைப்பதைவிட மேலே வைப்பது நல்லது. கீழே வைத்தால் கான்கிரீட் தினமும் வெந்து தணிந்து கீறல் விடும்.

வெள்ளை, நுரைப்பலகை இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்? ஏ.சி. போடாத வீட்டுக்கு வெள்ளை என்பேன். நுரைப்பலகை பகல் வெப்பத்தைத் தடுப்பது போலவே, இரவில் வீடு வானத்தை நோக்கித் தணிவதையும் தடுக்கும். ஏ.சி. போடும் அறைக்கு இரண்டும் வேண்டும்.

20 மே 2024

நுரைப்பலகை பெட்ரோலியத்திலிருந்து வருவதுதானே, அதில் என்ன பசுமை என்று ஒருவர் மடக்கினார். மடங்கிவிட்டேன். அதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய பதில் உண்டு: சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு. ஜல்லியைப் பரப்பி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள், மேலே தட்டோடு. அலுவலகத்துக்கு நான் புதிதாகச் சேர்ந்த ஆண்டில், அந்தத் தட்டும் ஓசை மதியத் தூக்கத்தைக் கெடுப்பதாகப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறது. இந்த அடுக்கு யூ மதிப்பை 2 அளவுக்குத்தான் இறக்கும். நுரைப்பலகை அளவுக்கு வராது. ஆனால் மேலே வெள்ளையும் சேர்ந்தால் போதுமான அளவு நெருங்கும். தட்டுவதற்கு ஆள் கிடைத்தால் செய்யுங்கள். கலவையை ஊற்றிப் பலகையால் தேய்த்துவிட்டு ‘போட்டாச்சு’ என்று சொல்வது அந்த வேலை ஆகாது. அது மழை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு.

16 ஜூன் 2024

பெரம்பலூர்க்காரர் அடித்தளத்துக்குச் சிமென்ட் வாங்கப் போகிறாராம். எங்கள் கைக்கணக்கில் சதுர அடிக்கு 0.4 மூட்டை, 1,200 அடிக்கு 480 மூட்டை, அதாவது 24 டன். வீட்டின் கரிக்கணக்கில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். காரணம் சூளையின் எரிபொருள் மட்டுமல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதற்குள் கட்டுண்டு கிடந்த கரியமில வாயு பிரிந்து போகிறது. சிமென்ட் ஆலை வெளியேற்றுவதில் பாதிக்கும் மேல் அப்படிக் கல்லிலிருந்தே வருவது. உங்களுக்குப் பக்கத்திலுள்ள அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற சுருள் சங்குப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. டைனோசர் காலத்துக் கடல் அங்கே படுத்திருந்த தடயம். அந்தக் கடல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்துக் கல்லாக்கி வைத்த வாயுவைத்தான் நாம் மூட்டை மூட்டையாக அவிழ்த்துவிடுகிறோம்.

ஆகவே 53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்) வேண்டாம், பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) கேளுங்கள். அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் கலக்க விதி இடம் தருகிறது. சுட்ட கல் அந்த அளவு குறையும். ‘அது லேட்டா செட் ஆகும் சார்’ என்று மேஸ்திரி முகம் சுளிப்பார். முதல் நாட்களில் வலு ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும். சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) சில நாள் தள்ளிப் பிரித்து, தண்ணீரை விடாமல் ஊற்றினால் போதும். சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்து, பாதியளவு மட்டுமே கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் மூலப்பொருள்) உள்ள எல்.சி.3 என்ற சிமென்ட்டுக்கு 2023இல் இந்தியத் தரம் வந்திருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் ஆய்வில் பங்குகொண்டது. உங்கள் ஊர்க் கடையில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்கு முடிந்தது. தளம் போடும் வேலை நெருங்குவதால் பாடுகூரையைப் பற்றி, அதாவது கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் புதைத்துப் போடும் ஃபில்லர் தளத்தைப் பற்றிப் பெரம்பலூர்க்காரர் விசாரிக்கிறார். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கும் எடை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட்டும் குறைகிறது, ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு ஏற்ப வரைந்து தர ஆள் வேண்டும். நினைத்த இடத்தில் ஓட்டைச் செருகக் கூடாது.

பேக்கர் பயன்படுத்திய இன்னொன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கி, நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் விடுவது. கல் நான்கில் ஒரு பங்கு அளவு மிச்சமாகும், வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். இதை நான் எங்கள் கொத்தனாரிடம் வரைந்து காட்டியபோது, பெயரைக் கேட்டுவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு, ‘எலியைப் பிடிக்கிறதுக்கா சார், குடி வைக்கிறதுக்கா?’ என்றார். நான் அந்தச் சுவரைக் கட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

5 ஆகஸ்ட் 2024

நேற்று ‘பாடுகூரை’ என்று எழுதியது நானாக உண்டாக்கிய சொல். கொத்தனார் யாருக்கும் புரியாது. ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்றே கேளுங்கள்.

22 செப்டம்பர் 2024

சூரியத் தகடு போட்டால் கூரைப் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார். பாதி தீரும். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி அளவு இடம் வேண்டும். அந்த 300 அடியும் நிழலில் இருக்கும், அடியில் காற்று ஓட இடம் விட்டுத் தூக்கி வைத்தால் நல்ல குடை. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. மிச்சம் 900 அடி வெயிலில்தான் நிற்கும். மின்சாரம் வீட்டிலேயே விளைகிறது என்ற தெம்பில் இரண்டாவது ஏ.சி. வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் தம்பி.

3 நவம்பர் 2024

மார்ச்சில் மட்டமான விலை என்று நான் பெருமையடித்த சுண்ணாம்பு, ஐப்பசி மழையில் கரைந்து வாய்க்காலில் ஓடியது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடித்தாலும் ஒரு மழைக்காலம்தான். அதற்கு முன்பே தூசி படிந்து பழுப்பாகிவிடும். ஆண்டுதோறும் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடியுமானால் சுண்ணாம்பு போதும். முடியாதென்றால் கூல் ரூஃப் பெயின்ட் சில ஆண்டுகள் தாங்கும். டைல்ஸ் கடைகளில் உடைந்து கிடக்கும் வெள்ளைத் துண்டுகளை வாங்கிப் பதிப்பது இரண்டையும்விட நீடிக்கும், குப்பைக்குப் போவதும் குறையும். பளபளப்பான துண்டு மழையில் வழுக்கும். நடக்கும் பாதையில் மட்டும் சொரசொரப்பானதைப் பதியுங்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள், இடுப்பு இன்னும் வலிக்கிறது.

எதிர் வீட்டுக்காரருக்குக் கண் கூசுகிறது என்ற புகாருக்கு: கைப்பிடிச் சுவர் மூன்றடி இருந்தால் கீழ்த்தளத்தில் இருப்பவருக்குக் கூசாது. மாடி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

8 டிசம்பர் 2024

பெரம்பலூர்க்காரர் முடிவாகச் சாம்பல் கல் வைத்தார். மேற்குப் படுக்கையறையின் மேற்குச் சுவர் ஒன்றுக்கு மட்டும் ஏ.ஏ.சி. நான் அவ்வளவு எழுதியும் அவருடைய பொறியாளருக்கும் ஒரு சுவர் கொடுத்திருக்கிறார். யோசித்தால் அதுவே என்னுடைய யோசனைகளைவிட நல்ல தீர்வு. அந்தச் சுவருக்கு மெல்லிய ஒட்டுக்கலவைதான் பயன்படுத்த வேண்டும், சாதாரணத் தடித்த சிமென்ட் கலவை கூடாது; அலமாரியை மாட்டச் சாதாரண ஆணி நிற்காது, அதற்கென்று உள்ள பிளக் வாங்குங்கள்.

தளத்துக்கு முன் மேற்குச் சன்ஷேடு வார்க்கப் போவதாக நேற்று எழுதியிருக்கிறார். கம்பி கட்டும்போதே, விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே, அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி, தட்டி தொங்கவிட நான்கு கொக்கிகளைக் கட்டிவிடச் சொல்லுங்கள். தட்டி வாங்குவது பங்குனியில் நடக்கட்டும். வார்த்த பிறகு துளை போட வந்தால், முன்பு ஒரு மேஸ்திரி எனக்குச் செய்தது போல, ஓரம் பெயர்ந்து தட்டியோடு கையில் வரும்.